கடைசிக் கப்பலுக்கு ஆலம் சுற்றப் போனது

கல்யாண வீட்டில் கடைசியாகப் புறப்படுகிறவன் சமையல்காரன். பெண்ணும் மாப்பிள்ளையும் போய்விடுவார்கள், மேளக்காரர் போய்விடுவார், பந்தல்காரன்கூடக் கழியைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் சமையல்காரன் தோளில் துண்டைப் போடுவான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், இலங்கைக்குப் போன நம் பட்டாளம் திரும்புகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கே என் மகன் ஏழுமலை வந்துவிடுவான் என்று வாசலைப் பார்த்தேனே, அதை என்னவென்று சொல்ல.

ஏழுமலை அங்கே பட்டாளத்துச் சமையல்காரன். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நான் சமையல் என்ற பேச்சை எடுத்ததே இல்லை. 'பட்டாளத்தில் இருக்கிறான்' என்று சொன்னால் போதும். கேட்கிறவர்கள் அவர்களாகவே அவன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பிடுங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

பட்டாளம் மொத்தமாகத் திரும்பவில்லை. ஆடி மாதம் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம், பொங்கல் கழித்துக் கொஞ்சம் என்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. தபால்காரர்தான் கடிதத்தைப் படித்துச் சொல்வார். எல்லாக் கடிதத்திலும் ஒரே சேதிதான். 'அம்மா, இந்த மாசம் ஒரு கூட்டம் போகிறது. நான் அடுத்ததில் வருவேன். பத்து பேர் மிச்சம் இருந்தாலும் பத்து பேருக்கும் பசிக்கும் இல்லையா?' தபால்காரர் மூன்றாவது கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒப்பித்துவிட்டார்.

இதை நம்பி என் மருமகள் சரோஜா மூன்று கப்பலுக்கு லீவு போட்டு ஓடினாள். மறைமலைநகரில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை அவளுக்கு. நான்காவது தடவை லீவு கேட்டபோது, 'உன் வீட்டுக்காரர் வந்த பிறகு சொல்லும்மா' என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆகவே கடைசிக் கப்பலுக்கு நான்தான் போக வேண்டும் என்று ஆயிற்று. தொண்ணூறாம் வருஷம், பங்குனி மாதம்.

போவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் என் சம்பந்தி ஆண்டாளின் வீடு. சரோஜாவின் தாய். போன முறை ஏழுமலை லீவில் வந்தபோது ரயிலடியிலேயே மாப்பிள்ளையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆலம் சுற்றி, பொட்டு வைத்து, வடை சுட்டுப் போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அனுப்பினாள். வெளியூர் போய் வருகிறவனை வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீரைச் சுற்றி ஊற்றாமல் நாங்கள் உள்ளே விடுவதில்லை. பட்ட கண்ணும் பார்த்த பயமும் அந்த நீரோடு தெருவில் போய்விட வேண்டும். இரண்டரை வருஷம் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் இருந்தவன். அவனோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வருமோ. அது கரையேறுவதற்கு முன்னால் கழித்துவிட வேண்டும், அதுவும் ஆண்டாள் வாசலில் அல்ல, என் கண்முன்னால் என்பது என் வைராக்கியம்.

ஆனால் ஆலம் சுற்ற என் கை ஆகாது. என் வீட்டுக்காரர் தவறி அப்போது ஆறு வருஷம். தாலி இறக்கியவள் தட்டைத் தொடக் கூடாது, பெற்றவளே ஆனாலும். ஆண்டாளின் வீட்டுக்காரர் இருக்கிறார். இருக்கிறார் என்றால், சாய்வு நாற்காலியில் பேப்பரை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு இருக்கிறார். அவர் மூச்சு விடுகிற ஒரே பலத்தில் எந்த விசேஷத்திலும் முதல் தட்டு ஆண்டாள் கைக்குப் போகும். எங்கள் ஊர்ச் சுமங்கலிகள் யாரும் பட்டணம் வரத் தயாரில்லை. யாரை முந்த நினைத்தேனோ அவளையே கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டிய நிலைமை.

புதன்கிழமை கப்பல் என்று கடிதம். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன். ஒயர் கூடையில் பித்தளைத் தட்டு, மஞ்சள் தூள் பொட்டலம், சுண்ணாம்புப் பொட்டலம், கற்பூரம். தனியாக ஒரு தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு. புளியும் நல்லெண்ணெயும் தாராளமாக விட்டு, சுடவைத்துச் சுடவைத்து எடுத்துப் போனால் நாலு நாள் தாங்கும். வாளியின் மூடியைத் துணி போட்டுக் கட்டியிருந்தேன். நாற்றத்தைக் கட்ட முடியவில்லை.

மதுராந்தகம் பஸ்ஸில் என் பக்கத்தில் நண்டுக் கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்தாள். செய்யூர் தாண்டியதும் ஒரு நண்டு கூடையை விட்டுக் கிளம்பி, யாரையும் கேட்காமல் முன்பக்கம் நடந்து, கண்டக்டரின் கால் விரலைப் பிடித்துக்கொண்டது.

"யாரும்மா இத்த ஏத்தினது? காலைக் கவ்விகினு கீது பாரு" என்றார் கண்டக்டர்.

"அதுங்கிட்ட போய் டிக்கெட் கேட்டியா நைனா? அதான் கோவம்" என்றாள் நண்டுக்காரி.

கண்டக்டர் ஒற்றைக் காலில் நின்று விசில் ஊதினார். டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். நிறுத்தினதுதான், அது மறுபடி கிளம்பவில்லை. ஏதோ பெல்ட் அறுந்ததாம். பழைய டியூபை அறுத்துக் கட்டி ஓட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இறங்கி நின்றவர்கள் எல்லாரும் காற்றடிக்கும் திசை பார்த்து என் தூக்குவாளியை விட்டுத் தள்ளி நின்றார்கள். கிட்டே நின்றவள் நண்டுக்காரி ஒருத்திதான்.

செங்கல்பட்டு வந்து சேர்ந்தபோது ஆண்டாள் வாசலிலேயே நின்றாள்.

"வா சம்பந்தி. நீ வரதுக்கு முன்னாடியே உன் கொழம்பு வந்துடுச்சி" என்றாள்.

அவள் வீட்டில் அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். பட்டணத்துக் கிட்ட இருக்கிறவர்கள் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லாததை அவள் கவனித்துக்கொண்டாள். பேப்பருக்கு அடியிலிருந்து சம்பந்தி ஐயா, "பட்டாளம் பூரா காலி பண்ணிடுதாம்" என்றார். அன்றைக்கு அவர் பேசினது அவ்வளவுதான்.

"கப்பல்லருந்து எறங்கினதும் மாப்ளைய நேரா இங்க இட்டாந்துடலாம். ஸ்டேஷனு பக்கம்" என்றாள் ஆண்டாள்.

"கப்பலடியிலயே ஆலம் சுத்திடு. அப்பறம் என் வூட்டுக்கு வந்துட்டு இங்க வருவான்."

"செங்கல்பட்ட தாண்டிதான உன் வூட்டுக்குப் போவணும்? தாண்டிப் போயிட்டுத் திரும்பி வருவாரா? நல்லா கீதே நாயம்."

இந்த வழக்கு தீராமலேயே படுத்தோம்.

புதன்கிழமை காலை மின்சார ரயில். கூட்டம். ஆனால் தூக்குவாளியால் எங்களைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது. எதிரே கரை வேட்டி கட்டிய ஒருவர், மூக்கைத் துண்டால் மூடியபடி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அவனுங்க அங்க போய் நம்ம ஜனத்தையே இல்ல சுட்டுட்டு வரானுங்க. அவனுங்களுக்கு ஆலம் ஒரு கேடா?"

"எம் புள்ள யாரையும் சுடலய்யா. வெங்காயம் அரிஞ்சான்" என்றேன். வாய் தவறிச் சமையலைச் சொல்லிவிட்டேன்.

"அரிஞ்சி யாருக்குப் போட்டான்? சுட்டவனுக்குத்தான?"

தூக்குவாளியின் துணிக் கட்டை இறுக்கினேன். வெளியே பார்த்தேன். ஆண்டாள்தான் கேட்டாள்:

"அண்ணாத்த, நீ இன்னா வேல செய்யறே?"

"ரேஷன் கடையில எடை போடறேன்."

"நீ போடற அரிசிய யாரு யாரு துன்னாங்க, துன்னுட்டு இன்னா பண்ணாங்கன்னு பாத்துகினா கீறே?"

எடை என்றதுமே பெட்டியில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டார். அது அவருடைய ஸ்டேஷன்தானா என்று தெரியாது. ஆண்டாள் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "வெங்காயம்னு நீயே ஒத்துகினியே, அதுக்கே நான் வந்தது தகும்" என்றாள்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, துறைமுக வாசலுக்குப் போனோம். வரவேற்பு வளைவு, மாலை, மேளம் ஏதாவது இருக்கும் என்று பார்த்தேன். ஒரு இரும்புக் கதவும், அதன் நிழலில் இரண்டு காவல்காரர்களும், ஒரு நாயும்தான். எங்கள் ஊரில் வாரச் சந்தைக்கு வருகிறவனுக்குக்கூட யாராவது எதிரே வருவார்கள்.

இளம் காவல்காரன் கூடையைச் சோதித்தான். வெள்ளைப் பொட்டலத்தைப் பிரித்தவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மஞ்சளைப் பார்த்தான். மறுபடி வெள்ளையைப் பார்த்தான். வடக்கத்திக்காரன். அவன் கேட்டது எங்களுக்குப் புரியவில்லை. ஆண்டாள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை.

"செஞ்சே காட்டிடறேன்" என்று அவள் தரையிலேயே குந்தி உட்கார்ந்தாள். தட்டில் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளைப் போட்டாள். அவன் எட்டிப் பார்த்தான். சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டு விரலால் கலக்கினாள். தண்ணீர் குபுக்கென்று ரத்தச் சிவப்பானது. காவல்காரன் இரண்டடி பின்னால் தாவினான். துப்பாக்கி தோளிலிருந்து இறங்கிவிட்டது.

நாய் இதில் எதிலும் தலையிடவில்லை. அது தூக்குவாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, துணிக் கட்டையே பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. அதட்டி இழுத்தும் வரவில்லை.

சத்தம் கேட்டு உள்ளிருந்து வயதான ஹவில்தார் ஒருவர் வந்தார். மலையாளத்துக்காரர். தட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "பேடிக்கண்டா" என்று பயம் தெளிய அந்தப் பையனைத் தட்டிக்கொடுத்து, என்னிடம் திரும்பினார்.

"அம்மே, கப்பல் இன்னலே வந்தல்லோ. நேத்து. எல்லாரும் எறங்கி கேம்ப் போயி."

எட்டு மாதமாக நாளைத் தள்ளித் தள்ளி வந்த பட்டாளம், கடைசியில் ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது. நண்டு கண்டக்டரைக் கடித்த நேரத்தில் என் மகன் கரையில் இறங்கியிருக்கிறான். நெற்றி வெறுமையாக. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆண்டாள், "தண்ணி வீணாப் போச்சே" என்று மட்டும் சொல்லி, கலக்கிய செந்நீரைத் துறைமுக வாசலிலேயே ஊற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹவில்தாரைப் பிடித்துக்கொண்டாள். கேம்ப் எங்கே, எப்போது விடுவார்கள், யாரைக் கேட்க வேண்டும். அவள் கேட்கிற வேகத்துக்கு அவர் மலையாளத்தில்கூடப் பதில் சொல்ல முடியவில்லை.

கேம்ப்புக்குள் யாரையும் விடமாட்டார்களாம். ஆனால் நாளைக்கு எல்லாரையும் மாமல்லபுரம் பார்க்க லாரியில் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். இவ்வளவு நாள் அங்கே இருந்தவர்களுக்கு ஊருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நாள் உல்லாசம். "அங்ஙோட்டு போய்க்கோ அம்மே" என்றார்.

வியாழக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் வந்ததும், கழுகுக்குச் சோறு வைக்கிறதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் ஆண்டாள்.

"கழுகு நாளைக்கும் வரும். பட்டாளம் வராது" என்றேன்.

"கழுகு சொன்ன நேரத்துக்கு வரும் சம்பந்தி. உன் பட்டாளம்தான் முன்னப் பின்ன வரும்" என்றாள். ஆனால் இறங்கவில்லை.

யானை செதுக்கிய பெரிய பாறைக்குப் பக்கத்தில் பச்சை லாரிகள் நின்றன. பட்டாளத்துக்காரர்கள் எங்கும் பரவியிருந்தார்கள். தலைப்பாகைக்காரர்கள், வடக்கத்தி மலைநாட்டுக்காரர்கள், குள்ளமானவர்கள், பனை உயரம் இருந்தவர்கள். வேர்க்கடலை தின்றுகொண்டும், கல் யானையின் மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒரு கூட்டம் சரிவில் நிற்கிற அந்தப் பெரிய உருண்டைக் கல்லைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

இளநீர்க்காரன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அங்க தள்ள முடியாதத இங்க வந்து தள்ளிகினு கீறாங்க."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஏழுமலை இல்லை. சரி, லாரியை விட்டு எங்கே போய்விடுவான், ஆலத்தைக் கரைத்துத் தயாராக நிற்போம் என்று லாரியின் பக்கத்திலேயே தட்டை வைத்தோம். இருந்த மஞ்சள், இருந்த சுண்ணாம்பு எல்லாவற்றையும் போட்டுக் கெட்டியாகக் கரைத்தாள் ஆண்டாள். கற்பூரத்தை நடுவில் வெற்றிலையில் வைத்தாள். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

லாரியிலிருந்து தாடிக்காரர் ஒருவர் இறங்கினார். தட்டைப் பார்த்தார். ஆண்டாளைப் பார்த்தார். சடாரென்று அவள் முன்னால் தலையைக் குனிந்து நின்றுவிட்டார். தன் தாயும் வாசலின் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டுத்தான் தன்னை உள்ளே கூப்பிடுவாள் என்றாராம். அவர் ஏழுமலையிடம் சொல்லி, அவன் பிறகு எனக்குச் சொன்னது. குனிந்த தலையை எப்படிப் போகச் சொல்வது? ஆண்டாள் மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். தட்டைக் கண்டால் வரிசை கட்டுவது பட்டாளத்துப் பழக்கம் போலிருக்கிறது. முன்னால் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலேயே பின்னால் வந்து நின்றார்கள். கல்லைத் தள்ளினவர்கள் கல்லை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மீசை முளைக்காத ஒரு அதிகாரியும் நின்றார். கழுத்தில் கேமராவோடு ஒரு வெள்ளைக்காரியும் நின்றாள்.

"இதுவும் பட்டாளமா?" என்றாள் ஆண்டாள், சுற்றிக்கொண்டே.

"சுத்து சம்பந்தி. எந்தத் தாய் பெத்த புள்ளையோ."

ஆலம் சுற்றியவர்களுக்குத் தட்டில் ஏதாவது போடுவது வழக்கம் என்று நான் ஜாடையில் காட்டினேன். ஒருவர் சட்டைப் பித்தானைப் பிடுங்கிப் போட்டார். ஒருவர் மிட்டாய் போட்டார். ஒரு மலைநாட்டுப் பையன் அந்தத் தீவின் காசு ஒன்றைப் போட்டு, அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு மட்டும் ஆண்டாள் நாலாவது சுற்றுச் சுற்றினாள்.

வரிசை தீருவதற்கு முன் செந்நீர் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்தவர்களுக்கு வெறும் தட்டைத்தான் சுற்றினாள். அந்த நேரத்தில் எங்கேயோ விசில் ஊதியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வரிசை இல்லை. எல்லாரும் அலுமினியத் தட்டோடு கடற்கரைச் சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடினார்கள். சாப்பாடு.

சாப்பாடு என்றதும் என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. உல்லாசத்துக்கு வந்த இடத்திலும் யாராவது சமைக்க வேண்டும் இல்லையா?

சவுக்குத் தோப்பில் சமையல் லாரி ஒன்று, மூன்று அடுப்பு. பெரிய பெரிய டேக்சாக்கள். நடு டேக்சாவுக்குப் பின்னால், பனியனோடு, இடுப்பில் துணி கட்டி, கையில் என் உயரத்துக்குக் கரண்டியோடு ஏழுமலை நின்றான். முன்தலையில் முடி போய்விட்டிருந்தது. இளைத்திருந்தான். சமைக்கிறவன் இளைப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏழுமல" என்று கூப்பிட்டுக்கொண்டு நேரே நடந்தேன்.

அவன் பார்த்தான். கரண்டி அந்தரத்தில் நின்றது. வாய் கோணியது. பின்னால் நின்றவர்கள் தட்டைத் தட்டினார்கள். அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"வரிசைல வாம்மா. ஆளுங்க நிக்கிது பாரு."

நான் யாருக்கும் பின்னால் நின்றவள் இல்லை. ரேஷன் கடையில்கூட முன்னால் போய்த்தான் பழக்கம். அன்றைக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முன்னால் எத்தனை தலை. அத்தனையும் என் மகன் கரண்டியைப் பார்த்து நின்றன. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள்கூட அதன் முன்னால் தட்டை நீட்டி, தலையை ஆட்டி, நன்றி சொல்லிப் போனார்கள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அவன் சமையல்காரன் என்று சொல்லிவிடுவது என்று அந்த வரிசையில்தான் முடிவு செய்தேன்.

எங்கள் முறை வந்தது. எங்களிடம் இருந்தது ஆலத் தட்டு ஒன்றுதான். ஆண்டாள் அதைத் துடைத்து நீட்டினாள். அவன் அதில் சோறும், சிவப்பாகக் கொட்டை கொட்டையாக ஒரு குழம்பும் ஊற்றினான்.

"இன்னா மாப்ள இது, புளியங்கொட்டையா?" என்றாள்.

"ராஜ்மா அத்த. வடக்க இதான் விருந்து."

மணலில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். சம்பந்தியோடு ஒரு தட்டில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. குழம்பில் புளி இல்லை, காரம் இல்லை. ஆனால் பதம் தப்பவில்லை. ஆண்டாள் சாம்பாரைவிட நன்றாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

கடைசி ஆள் சாப்பிட்டு, டேக்சாவைக் கவிழ்த்த பிறகு ஏழுமலை வந்தான். தூக்குவாளியைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டான். அவனும் மற்ற இரண்டு சமையல்காரர்களும் மிச்சச் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றார்கள். ஒருவன் மலைநாட்டுக்காரன். காரத்தில் கண்ணீர் வழிய வழிய, நிறுத்தாமல் தின்றான்.

"அங்க எப்படிடா இருந்துச்சி?" என்று கேட்டேன்.

தூக்குவாளியை விரலால் வழித்துக்கொண்டே சொன்னான்:

"சமையக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு வூடும்மா. வேலிக்கு அந்தாண்ட ஒரு அம்மா. நம்ம பாஷைதான். ரெண்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல. கடசி நாளு அடுப்ப அணைக்கறேன், வேலிகிட்ட வந்து நின்னுது. போறியான்னு கேட்டுச்சி. போறம்மான்னேன். போயி கதவ சாத்திகிச்சி." கை கழுவ எழுந்தான். "அவ்ளோதாம்மா. வேற ஒண்ணுமில்ல."

வேறொன்றும் இல்லாதவன் எதற்கு இளைத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இதைக் கழிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று எழுந்தேன். மஞ்சள் இல்லை, சுண்ணாம்பு இல்லை.

"மஞ்சளா? மூட்டையே கீதும்மா" என்று ஏழுமலை சாமான் பெட்டியைத் திறந்தான். சுண்ணாம்பு என் சுருக்குப் பையிலேயே இருந்தது, வெற்றிலைக்கு வைத்திருந்தது. ஆண்டாள் தட்டைக் கடல் மணலால் தேய்த்துக் கழுவி, புதிதாகக் கரைத்தாள். இந்தத் தடவை நல்ல சிவப்பு. நான் வழக்கம்போல நாலடி தள்ளி, சவுக்கு மரத்தை ஒட்டிப் போய் நின்றேன். ஏழுமலை கிழக்கே பார்த்து நின்றான். ஆண்டாள் தட்டைத் தூக்கினாள். பாதி தூக்கி, கீழே வைத்துவிட்டாள்.

"இன்னா சம்பந்தி?"

"கை வுட்டுப் போச்சி. காலைலேர்ந்து எம்மாம் பேருக்கு சுத்திக்கீறேன். தோள்பட்டையே தூக்க வரல." வலது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நீ வந்து சுத்து."

"நானா? நான் எப்படி..."

"பின்ன அந்த வெள்ளைக்காரிய கூப்டவா? வா. லாரி போயிடும். இங்க நம்மூருகாரங்க யாரு கீறாங்க பாக்கறதுக்கு?"

ஏழுமலை நின்ற இடத்தில் நின்றபடியே என் பக்கம் திரும்பி நின்றான். போய்த் தட்டை எடுத்தேன். ஆறு வருஷமாகத் தூக்காத தட்டு. என்ன கனம். நீர் தளும்பி என் கையெல்லாம் சிவப்பு. மூன்று சுற்று வலப் பக்கம், மூன்று சுற்று இடப் பக்கம். பொட்டு வைக்கும்போது எனக்கு எட்டவில்லை. அவன் குனிந்தான்.

மீதியை எங்கே ஊற்றுவது? வாசலும் இல்லை, முச்சந்தியும் இல்லை. ஆண்டாள் யோசித்து, லாரிச் சக்கரத்தைக் காட்டினாள். அதன் மேலேயே ஊற்றினேன்.

அவன் எங்கள் இரண்டு பேர் வீட்டுக்குமே வரவில்லை. ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டுமாம், லாரியில் ஏறிப் போய்விட்டான். லீவு பத்து நாளில் கிடைக்கும் என்றான். லாரி திரும்புகிற வரைக்கும் நெற்றிச் சிவப்பு தெரிந்தது.

செங்கல்பட்டுக்குப் போகிற பஸ் வந்தபோது நல்ல கூட்டம். பஸ் நிற்பதற்கு முன்பே ஆண்டாள் அதன் பக்கத்தில் ஓடி, முன்னால் நின்ற இரண்டு ஆண் பிள்ளைகளை இடித்துத் தள்ளி, வலது கையைத் தலைக்கு மேலே வீசி, ஒயர் கூடையைப் பித்தளைத் தட்டோடு ஜன்னல் வழியாக உள்ளே எறிந்து, இரண்டு பேர் சீட்டைப் பிடித்துவிட்டாள். பிறகு அதே கையால் கம்பியைப் பற்றி என்னையும் மேலே இழுத்தாள்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். தோள்பட்டையை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே திரும்பிவிட்டாள்.

திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்ததும் நான் சொன்னேன்:

"சம்பந்தி, லீவுல வரும்போது மொதல்ல உங்க வூட்லயே எறங்கட்டும்."

"பின்ன?" என்றாள் ஆண்டாள், திரும்பாமலேயே. "ஸ்டேஷன் எங்க வூட்டாண்டதான கீது."